தானே பிடிக்கும் பிரேக்: பழி யார் தலையில்?

பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து காலை எட்டரை மணிக்கு வெளிவட்டச் சாலையில் கார் ஓட்டிச் செல்பவருக்கு முன்னால் காலி இடம் என்று ஒன்று கிடையாது. முன்னே போகும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே பத்தடி விட்டால், அந்தப் பத்தடிக்குள் ஒரு ஸ்கூட்டரோ ஆட்டோவோ நுழைந்துவிடும். அங்கே இதை யாரும் தவறாக நினைப்பதில்லை. டிரைவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சற்றே எடுப்பார், ஸ்கூட்டர் போய்விடும், அவ்வளவுதான்.

புதிதாக வந்துள்ள கார்களில் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. குறுக்கே நுழைந்த ஸ்கூட்டரைக் கண்டதும் கார், டிரைவரைக் கேட்காமல் தானே பிரேக்கைப் பிடிக்கிறது. உள்ளே இருப்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள். பின்னால் மொபெட்டில் வருபவரோ, இந்தக் கார் எதற்காக நின்றது என்று புரியாமல் ஹேண்டிலை ஒடிக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருக்கலாம்.

தானியங்கி அவசர பிரேக் என்ற இந்த ஏற்பாடு இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்டது 2020-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு எம்.ஜி. குளோஸ்டர், 2021-ல் மகிந்திரா எக்ஸ்.யு.வி. 700, 2022-ல் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் மாடல் என்று வந்து, 2023-ல் ஹூண்டாய் வென்யூ போன்ற சிறிய கார்களுக்கும் இறங்கிவிட்டது. பணக்காரர் வீட்டு வண்டியில் இருந்த யந்திரம், கடன் வாங்கிக் கார் எடுக்கும் குமாஸ்தாவின் வண்டிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் பெரிய ரகசியமல்ல. முன்கண்ணாடியில் ஒரு காமிரா. பல மாடல்களில் முன்பக்கத்தில் ஒரு ராடாரும் உண்டு. எதிரே உள்ள பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது, இன்னும் எத்தனை விநாடியில் மோதும் என்று யந்திரம் இடைவிடாமல் கணக்குப் போடுகிறது. விநாடிகள் குறைந்தால் முதலில் சத்தம் போடும். டிரைவர் அசையவில்லை என்றால் தானே பிரேக்கை அமுக்கும்.

கணக்கில் தவறில்லை. ஆனால் ஸ்கூட்டர்காரர் மனத்தில் என்ன இருக்கிறது என்பது கணக்கில் வராது. அவர் தோளைச் சாய்க்கும் விதத்தைப் பார்த்தே, "இவர் இப்படி வெட்டி அப்படிப் போய்விடுவார்" என்று பெங்களூர் டிரைவர் அறிந்துகொள்கிறார். வண்டிகள் தத்தம் கோட்டுக்குள் வரிசையாகப் போகும் நாடுகளின் சாலையைப் பார்த்துப் பழகிய யந்திரத்துக்கு இந்தப் பாஷை தெரியாது. ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. நிறுவனத்தார் இதை உணர்ந்துதான், ஐதராபாத், பெங்களூர் சாலைகளில் பத்தாயிரம் படங்களைத் திரட்டி, ஆட்டோ ரிக்‌ஷாவையும் சாலையில் திரியும் மிருகங்களையும் தனித்தனி இனங்களாகக் குறித்து 2018-ல் வெளியிட்டார்கள். வெளிநாட்டுப் படத் தொகுப்புகளில் ஆட்டோவுக்கு இடமே இல்லாதிருந்தது.

கோடு போட்ட சாலைகளிலும் தொல்லை இல்லாமலில்லை. காரணமின்றிப் பிரேக் பிடிப்பதை அமெரிக்காவில் 'பேய் பிரேக்' என்றே சொல்கிறார்கள். 2022 பிப்ரவரியில் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகா, டெஸ்லா கார்கள் நெடுஞ்சாலையில் திடீரென வேகம் குறைவதாக வந்த 354 புகார்களின் பேரில் விசாரணை தொடங்கியது. சம்பந்தப்பட்ட வண்டிகள் சுமார் 4,16,000. அதே மாதம் ஹோண்டாவின் சில மாடல்கள் மீதும் விசாரணை எழுந்தது. 2024-ல் அது சுமார் 30 லட்சம் வண்டிகளுக்கு விரிந்தது.

அப்படியானால் இந்த யந்திரத்தைப் பிடுங்கி எறிந்துவிடலாமா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. முன்னே போகும் வண்டியின் பின்னால் மோதும் விபத்துக்கள், இந்தப் பிரேக் உள்ள கார்களில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை அமெரிக்க இன்ஷூரன்ஸ் ஆய்வுக் கழகம் கண்டறிந்திருக்கிறது. இந்தியாவில் 2022-ல் மட்டும் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இரவு மூன்று மணிக்கு ஓசூர் சாலையில் கண் அயரும் டிரைவருக்கு இப்படியொரு காவல் தேவைதான். ஆட்டோவும் இரு சக்கர வண்டியும் 2023 ஆகஸ்ட் முதல் தடை செய்யப்பட்ட பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையில், குறுக்கே நுழைய ஸ்கூட்டர் இல்லாததால் இதே யந்திரத்துக்குப் பதறும் வேலையும் குறைவு. சில்க் போர்டில் வரும் வினை அங்கே வராது.

விவகாரம் முற்றுவது சட்டத்தில்தான். பாதுகாப்புக்கு அவசியம் இருந்தாலன்றித் திடீர் பிரேக் போடக்கூடாது என்று 1989-ம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. பின்னால் வருபவர் போதிய இடைவெளி விட வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருந்ததுதான். கோவையில் 2017 ஜனவரியில் நடந்த ஒரு விபத்து இவ்விரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது. முன்னே சென்ற கார் திடீரென நின்றது; பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த கல்லூரி மாணவர் அதில் மோதி விழுந்தார்; பின்னால் வந்த பஸ் ஏறியதில் அவர் ஒரு காலை இழந்தார். மனைவிக்கு வாந்தி வந்ததால் நிறுத்தியதாகக் கார்காரர் சொன்னார். 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. நெடுஞ்சாலையில் முன்னறிவிப்பின்றி நிறுத்தியது அஜாக்கிரதையே என்று கூறி, பொறுப்பில் காருக்கு 50 சதவீதம், பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 20 என்று பங்கிட்டது.

அந்தக் காரில் பிரேக்கைப் பிடித்தது மனிதர். நாளை பிடிப்பது யந்திரமாக இருந்தால், அந்த 50 சதவீதத்தை யார் ஏற்பது? கார் கம்பெனியின் கையேடோ, இது உதவிக்குத்தான், பொறுப்பு ஓட்டுபவருடையதே என்று முன்பே எழுதி வைத்துவிடுகிறது. பிரேக்கைப் போட்டது தன் கால் அல்ல என்று டிரைவர் நிரூபிக்க வேண்டுமானால், வண்டிக்குள் பதிவாகியிருக்கும் விவரம் வேண்டும். அந்த விவரமோ கம்பெனியின் கையில் இருக்கிறது.

சம்பளத்துக்குக் கார் ஓட்டுபவரின் பாடு இன்னும் மோசம். பின் பம்பரில் கீறல் விழுந்தால் முதலாளி சம்பளத்தில் பிடிப்பார். யந்திரத்தை அணைத்து வைத்தால், ஏன் அணைத்தாய் என்று கேட்பார். பல கார்களில், அணைத்தாலும் மறுநாள் வண்டியைக் கிளப்பும்போது அது தானே உயிர் பெற்றுவிடும். எச்சரிக்கை எவ்வளவு முன்னதாக வர வேண்டும் என்பதைச் சில கார்களில் கூட்டிக் குறைக்கலாம். ஷோரூமில் சாவியைக் கொடுப்பவர்கள் இதை முதலாளிக்குக் காட்டுவார்கள். தினமும் ஓட்டப்போகிறவர் வாசலில் நிற்பார்.

இவ்வளவும் கார்களோடு நிற்கப்போவதில்லை. எட்டு பேருக்கு மேல் ஏற்றும் வண்டிகள், பஸ்கள், லாரிகள் ஆகியவற்றுக்கு அவசர பிரேக்கைக் கட்டாயமாக்கும் நகல் அறிவிக்கையை மத்திய அரசு 2025 மார்ச்சில் வெளியிட்டது. புதிய மாடல்களுக்கு 2026 ஏப்ரல், ஏற்கெனவே உற்பத்தியில் உள்ளவற்றுக்கு 2026 அக்டோபர் என்று அதில் கெடு குறிக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் லாரிக்கு இது நல்லதே. நகரப் பஸ்ஸின் கதை வேறு. மாலை ஆறு மணிக்கு மெஜஸ்டிக்கிலிருந்து புறப்படும் பஸ்ஸில் நாற்பது பேர் கம்பியைப் பிடித்து நிற்பார்கள். அவர்களுக்கு பெல்ட் கிடையாது. ஒரு ஆட்டோ குறுக்கே வந்ததற்காக யந்திரம் பிரேக்கை அமுக்கினால், ஆட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. விழுகிறவர்கள் உள்ளே நிற்பவர்கள். ஏச்சு வாங்குகிறவர் டிரைவர்.