வலிக்காத கடி

புனே வந்து 9 வருஷம் ஆச்சு. பாம்புன்னா ஊர்ல வயக்காட்டு விஷயம், நமக்கென்னன்னுதான் இருந்தேன். ஒரு மழைக்காலத்துல அந்த நினைப்பு போச்சு.

எங்க அபார்ட்மெண்ட் பக்கத்துல கட்டட வேலை. தகரக் கொட்டகையில தங்கியிருந்த குடும்பத்துப் பையன், 10 வயசு இருக்கும். தரையில படுத்தவன் விடிகாலையில வயித்துவலின்னு அழுதிருக்கான். ஒரு கிளினிக்ல கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. கொஞ்ச நேரத்துல இமை சொருகிடுச்சு. ராத்திரி தூங்கல, தூங்கட்டும்னு அம்மா மடியில போட்டுக்கிட்டாங்க. பேச்சு குழறினப்புறம்தான் கூட வேலை செய்யற பெரியவர் ஒருத்தர் "மண்யார்!"னு கத்தினார். நம்ம கட்டுவிரியனுக்கு மராத்தியில அதான் பேரு.

என் கார்லதான் தூக்கிட்டு ஓடினோம். அஞ்சு நாள் வென்டிலேட்டர். பிழைச்சுட்டான்.

கட்டுவிரியன் கடிச்சா பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. கடிச்ச தடமே தெரியாமப் போகலாம். (சினிமாவுல வாயில நுரை தள்றதையே பார்த்துப் பழகிட்டோம், இதை யாரு சந்தேகப்படுவா?) நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனம் வந்து தொட்டாத்தான் தசை அசையும். நல்லபாம்பு விஷம் தசைப் பக்கம் அதை வாங்கிக்கற இடத்துல போய் உக்காந்துக்கும், சாவித் துவாரத்துல காகிதத்தை அடைச்ச மாதிரி. கட்டுவிரியன் விஷம் அதோட நிக்காம நரம்பு நுனியையே சிதைச்சிடும். அதனாலதான் நல்லபாம்புக் கடிக்கு உதவற நியோஸ்டிக்மைன் ஊசி இதுல பெரும்பாலும் பலிக்கறதில்லை. விஷமுறிவு மருந்து ரத்தத்துல சுத்தற விஷத்தைத்தான் பிடிக்கும், சிதைஞ்ச நுனியை ஒட்டவைக்காது. அது தானா வளர நாளாகும்.

முதல்ல இமை, அப்புறம் தொண்டை, கடைசியா மூச்சுத் தசை. ஆனா மூளை முழிச்சிருக்கும்! கண்ணைத் திறக்க முடியாம, விரலை அசைக்க முடியாமக் கிடக்கறவருக்கு நாம அழறது காதுல விழலாம். எத்தனை பேரை "போயிட்டாரு"ன்னு திருப்பிக் கூட்டிட்டுப் போயிருப்போமோ, நினைச்சா நடுங்குது.

2000லிருந்து 2019 வரைக்கும் நம்ம நாட்டுல வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் பாம்புக் கடியில செத்திருக்காங்கன்னு 2020ல வந்த ஆய்வு சொல்லுது. 2030க்குள்ள சாவைப் பாதியாக்கணும்னு மத்திய அரசு 2024ல திட்டம் போட்டது. நல்லது. ஆனா பேச்சு எப்பவும் மருந்துக் குப்பி எத்தனை இருக்குங்கறதுலயே நிக்குது. மூச்சு நின்னவனுக்கு ஆம்பு பையை அழுத்திக்கிட்டே பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வர ஆள் இருக்கானான்னு யாரும் கேக்கறதில்லை. குப்பி இருந்தும் அந்த ஆள் இல்லைன்னா, அந்தப் பையன் மாதிரி கேஸ் வழியிலயே முடிஞ்சிடும்.

கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. 108ஐக் கூப்பிடுங்க. தரையில படுத்த பிள்ளை விடிகாலையில வயித்துவலின்னு சொல்லி இமையும் சொருகினா, கடிச்ச தடத்தைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க.

மே மாசம் ஊருக்குப் போனா பசங்க திண்ணையில பாய் விரிச்சுத்தான் படுப்பாங்க. இந்தத் தடவை மூணு கொசுவலை எடுத்து வெச்சிருக்கேன், நாலு பக்கமும் பாய்க்கு அடியில சொருகறதுக்கு. அப்பத்தா சிரிக்கத்தான் போகுது.