வீடும் வண்டியும் ஒன்றாக நின்றால்

மேரு சாலையில் கார் நின்றுபோனால் கை தானாக ஓர் எண்ணைத் தேடும். நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் இருப்பார். "எங்க நிக்குது? பசார் பக்கமா? இருங்க, வர்றேன்" என்பார். அரை மணி நேரத்தில் மோட்டார் சைக்கிள் கூடையில் புது பேட்டரியை வைத்துக்கொண்டு வந்துவிடுவார். காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நின்றாலும் 1800 88 0000 என்ற எண்ணுக்கு அழைத்தால் பிளஸ் ரோந்து வண்டி வந்து நிற்கும்.

இந்தப் பழக்கத்தோடுதான் நாம் நியூசிலாந்துக்குப் போய் மோட்டார்ஹோம் எடுக்கிறோம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினாலே வானொலியில் நேயர்கள் இதைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கேயும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். அம்மாமார்கள் சாம்பார் வைக்க அடுப்பு இருக்கிறது. ஆறு பேருக்கு மூன்று ஹோட்டல் அறை எடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு செலவாகும், எங்கே நிறுத்தித் தூங்கலாம், ஊறுகாய் கொண்டுபோகலாமா என்றெல்லாம் கேட்கிறார்கள். (எந்த உணவுப் பொருளானாலும் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். மறைத்தால் 400 டாலர் அபராதம்.) வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற டிசம்பரில் நாங்கள் ஆறு பேர் போனோம். அப்பா, அண்ணன், அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், நான். கிறைஸ்ட்சர்ச்சில் வண்டி எடுத்து குவீன்ஸ்டவுன் வரை போவது திட்டம். மூன்றாம் நாள் தெக்காப்போ ஏரியைப் பார்த்துவிட்டு, டுவைசல் ஊரைத் தாண்டி லிண்டிஸ் கணவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். தண்ணீர் எடுக்கப் போன அண்ணி, "குழாயில தண்ணி வரல, ஃபிரிட்ஜ் லைட்டும் எரியல" என்றார். எஞ்சின் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மோட்டார்ஹோமுக்கு இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்ப, மற்றது வீட்டுக்கு. குளிர்பெட்டி, விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் அந்த இரண்டாவது பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஆகும். இரவில் முகாமில் மின்சாரக் கம்பியைச் செருகினாலும் ஆகும். ஓடும்போது சார்ஜ் ஆகும் வழி அடைத்துக்கொண்டால், வண்டி குவீன்ஸ்டவுன் வரை போகும், வீடு போகாது.

எங்கள் குளிர்பெட்டியில் அப்பாவின் இன்சுலின் பேனாக்கள் எட்டு இருந்தன.

அண்ணன் உடனே, "ஒமராமாவுல ஒரு பட்டறை இருக்கும், காசு குடுத்துப் பார்த்துக்கலாம்" என்றார். கிள்ளானில் அது சரி. வாடகை மோட்டார்ஹோமில் அப்படிச் செய்யக் கூடாது. நிறுவனத்தைக் கேட்காமல் நாமாக யாரையாவது வைத்துப் பழுது பார்த்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள், அதற்குப் பிறகு வரும் கோளாறுக்கும் நம்மையே கைகாட்டுவார்கள் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கிறது. லிண்டிஸ் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் சிக்னல் இருந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டி, பிள்ளைகளைச் சாலைக்கு அப்பால் புல்தரையில் உட்காரவைத்துவிட்டு, நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணுக்கு அழைத்தேன்.

இருபது நிமிடம் பாட்டுக் கேட்டேன். (என் வேலையே பாட்டுப் போடுவதுதான் என்பதால் மற்றவர்களை விடப் பொறுமை கொஞ்சம் அதிகம்.) எடுத்த பெண்ணின் முதல் கேள்வி, எஞ்சின் கிளம்புகிறதா என்பது. கிளம்புகிறது என்றேன். அப்படியானால் இது அவசரப் பட்டியலில் வராது, நாளை மறுநாள் ஆள் பார்க்கலாம் என்றார். அவர் கணக்கு வண்டிக் கணக்கு. எங்களுடையது வீட்டுக் கணக்கு. பின்னால் அப்பா, "எனக்காக யாரையும் தொந்தரவு பண்ணாதப்பா, ரெண்டு நாள்தானே" என்று அண்ணனிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் அப்பாக்கள் எல்லோரும் இப்படித்தான். "குளிர்பெட்டியில் என் அப்பாவின் இன்சுலின் இருக்கிறது" என்று நான் சொன்னதும் அந்தப் பெண்ணின் குரல் மாறியது.

வேலை எண் ஒன்று கொடுத்தார். ஃபியூஸ் பெட்டி எங்கே என்று சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஒரு ஃபியூஸ் எரிந்திருந்தது. மறுநாள் காலை டுவைசலில் மெக்கானிக், அதுவரை ஒமராமாவில் மின் இணைப்புள்ள முகாமில் தங்குங்கள் என்றார். கம்பியைச் செருகியதும் குளிர்பெட்டி உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. காலையில் முப்பது கிலோமீட்டர் திரும்பிப் போனோம். உரசிப்போன ஒரு வயரை மாற்ற நாற்பது நிமிடம் ஆனது. பழுதுச் செலவு நிறுவனத்துடையது. முகாம் கட்டணத்தை முதலில் மறுத்தார்கள். வேலை எண்ணையும் படங்களையும் வைத்து எழுதினேன், இரண்டு வாரத்தில் தந்தார்கள்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திறக்காத பேனாக்களை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்தும் பேனா, வகையைப் பொறுத்து, சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று புறப்படும் முன் மருந்தாளரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அப்பாவின் மருந்து இரண்டு நாளில் கெட்டிருக்காது என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் வெயிலில் பூட்டிக் கிடக்கும் வண்டிக்குள் இருப்பது அறை வெப்பம் அல்ல. மருந்து உறைந்துபோனாலும் தூக்கிப்போட வேண்டியதுதான், அதனால் ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள்.

எங்கள் எஞ்சினும் நின்றிருந்தால் கதை வேறு. இழுவை லாரியில் ஓட்டுநரோடு இரண்டு மூன்று பேர் உட்காரலாம். இழுக்கப்படும் மோட்டார்ஹோமுக்குள் ஆட்கள் இருக்கக் கூடாது. ஆறு பேரில் மீதிப் பேர் எப்படிப் போவார்கள், அன்றிரவு எங்கே படுப்பார்கள்? சாதாரணக் காராக இருந்தால் ஹோட்டல் அறையாவது காத்திருக்கும். இங்கே படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் லாரிக்குப் பின்னால் போய்விடும். அந்த இரவுக்கான தங்கும் செலவை நிறுவனம் தருமா, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தரும் என்பதைச் சாவி வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். கூடுதல் காப்புறுதி வாங்கினாலும் டயர், கண்ணாடி, விளக்கை அணைக்காமல் பேட்டரி தீர்ந்தது, மாற்று எரிபொருள் ஊற்றியது போன்றவை சேருமா என்று தனித்தனியாகப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் டீசலை ஊற்றியவர்கள்கூட உண்டு. இரண்டு மூடிகளும் வண்டிக்கு வெளியேதான் இருக்கும், கவனம்.

சாவி கொடுக்கும் இடத்தில் எல்லோருக்கும் அவசரம். பிள்ளைகள் மேல் படுக்கைக்குச் சண்டை போடுவார்கள், ஊழியர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டி முடிக்கப் பார்ப்பார். குளிர்பெட்டி, பம்ப், அடுப்பு, கழிப்பறை ஒவ்வொன்றையும் உங்கள் கையால் இயக்கிப் பார்த்து, அவர் பேசுவதைக் காணொளியாக எடுத்துவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால், நியூசிலாந்தின் 1993ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கு வாடகைக்கு எடுத்த பொருள்களுக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தின் பெயரை எழுதிய மின்னஞ்சலுக்குத் தனி மரியாதை உண்டு.

நியூசிலாந்து வேண்டாம், சொந்த வண்டியிலேயே ஹட்யாய் போகிறோம் என்பவர்களும் நம்மில் அதிகம். புக்கிட் காயு ஹித்தாமைத் தாண்டினால் நம் மலேசியக் காப்புறுதி தானாகத் தொடராது. தாய்லாந்துக்கு நீட்டிப்பு வாங்க வேண்டும், அந்நாட்டின் கட்டாயக் காப்புறுதியும் வேண்டும். இழுவைச் சேவை எல்லைக்கு அந்தப் பக்கமும் வருமா என்று முகவரைத் தனியாகக் கேளுங்கள். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதமும் கையில் இருக்கட்டும். அங்கே மொழி தெரியாமல் சாலையில் நிற்க நேர்ந்தால் 1155. சுற்றுலா போலீஸ், ஆங்கிலத்தில் பேசலாம்.