காயத்தை மறைப்பது வீரமா?



நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் படைப் பயிற்சி புதிதன்று. 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றார்கள். அப்போது பிடிபட்ட டிலனாய் என்பவரே பின்னர் திருவிதாங்கூர் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். அவருடைய கல்லறையைப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் நீங்கள் பார்த்திருக்கலாம். இன்று இதே மண்ணின் பிள்ளைகள் புனே நகருக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர ஆசைப்படுகிறார்கள். 2022 முதல் மாணவியருக்கும் அதன் கதவு திறந்திருக்கிறது. முதல் அணியைச் சேர்ந்த 17 மாணவியர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

இவ்வாறு ஆசைப்படுகிறவர்கள் விளையாட்டிலும் முன்நிற்பது இயல்பே. தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கால்பந்து, உள்நாட்டு ஊர்களில் கைப்பந்தும் கபடியும் எனக் கோடை விடுமுறை முழுவதும் போட்டிகள்தாம். ஒரு மாணவன் எழுத்துத் தேர்வில் வென்று, ஐந்து நாள் நடக்கும் நேர்முகத் தேர்விலும் தேறி, மருத்துவப் பரிசோதனையையும் கடந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் பயிற்சி தொடங்க வேண்டும். மே மாதத்தில் ஊர்ப் போட்டி ஒன்றில் பந்துக்காகத் தாவியவனின் கணுக்கால் மடங்கிவிடுகிறது. கால் வீங்குகிறது. அப்போது அருகில் இருப்பவர்கள் சொல்வது என்ன? "மக்ளே, யாரிட்டயும் சொல்லாண்டாம். எண்ணெய் போட்டுத் தடவினா ரெண்டு நாள்ல சரியாயிரும்."

அன்பினால் சொல்லப்படும் அறிவுரைதான் இது. ஆனால் காயத்தை மறைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போவது அறிவியலுக்கும் பொருந்தாது, வீரத்துக்கும் பொருந்தாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்கள் இயற்பியல் பாடத்திலிருந்தே தொடங்கலாம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறார். தரையைத் தொடும்போது அவருடைய வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.5 மீட்டர். உந்தம் 270 அலகு. முழங்காலை நன்றாக மடக்கி, 0.2 வினாடியில் அந்த வேகத்தை அடக்கினால், உடல் எடை நீங்கலாகக் கால்கள் தாங்க வேண்டிய சராசரி விசை 1,350 நியூட்டன். காலை விறைப்பாக வைத்து 0.05 வினாடியில் நின்றால் அதுவே 5,400 நியூட்டன். அதாவது நான்கு மடங்கு! வலியுள்ள முழங்காலும் வீங்கிய கணுக்காலும் சரியாக மடங்காது. அதிர்ச்சியைத் தாங்கும் நேரம் குறைகிறது. குறைந்த நேரம் கூடிய விசையாக மாறி, எலும்பின் மீதும் நல்ல நிலையில் இருக்கும் மற்றக் காலின் மீதும் விழுகிறது. சுவர் தாண்டுவதும் பள்ளம் தாண்டுவதும் அன்றாடப் பாடமாக உள்ள இடத்தில் இந்தக் கணக்கை யாரும் ஏமாற்ற முடியாது.

எலும்பும் களைக்கும்

ஒரு கம்பியை ஒரே ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. அதே இடத்தில் முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் முறிந்துவிடுகிறது. எலும்புக்கும் இப்படிப்பட்ட களைப்பு உண்டு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தில் தாக்குகிறது. ஓர் அடி ஒரு மீட்டர் என்று கொண்டால், நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் 2,000 முறை இந்தத் தாக்குதலை ஏற்கிறது.

இதைப் படைவீரர்களிடமே முதலில் கண்டார்கள். 1855-இல் பிரஷ்ய நாட்டு இராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அடி ஏதும் படாமலே வரும் இந்த வீக்கத்தின் காரணம் அப்போது புரியவில்லை. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில், 1897-இல், ஸ்டெக்கோ என்னும் மருத்துவர் அதே வகை வீக்கங்களை எக்ஸ் கதிர்ப் படத்தில் ஆராய்ந்து, பாதத்தின் நீண்ட எலும்புகளில் முறிவு இருப்பதைக் காட்டினார். 'அணிவகுப்பு முறிவு' என்ற பெயர் இப்படி வந்ததே.

எலும்பு ஏன் இவ்வாறு முறிகிறது? எலும்பு உயிருள்ள பொருள். புதிய சுமை வந்தால் அது தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. முதலில் பழைய பகுதியைச் சில செல்கள் அரித்து எடுக்கின்றன. இதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது. பிறகு வேறு செல்கள் அந்த இடத்தைப் புதிய எலும்பால் நிரப்புகின்றன. இதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் வேண்டும். வீட்டைப் பழுதுபார்க்கும்போது சுவரை இடித்த பிறகுதானே புதிதாகக் கட்டுகிறோம்? இடித்துக் கட்டாமல் இருக்கும் இடைக்காலத்தில் எலும்பு வலிமை குன்றி இருக்கும். காயத்துக்காக ஆறு வாரம் படுத்திருந்த ஒருவன், இழந்த நாட்களை ஈடுகட்ட ஒரே வாரத்தில் பத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓடத் தொடங்கினால், அந்த இடைக்காலத்திலேயே சுமையை ஏற்றுகிறான். ஓய்வும் தவறில்லை, ஓட்டமும் தவறில்லை. அவசரமே ஆபத்து.

தடவுவதற்கு முன்

சுளுக்கு என்று நாம் சாதாரணமாகச் சொல்வது எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார்கள் இழுபட்டோ கிழிந்தோ போவதாகும். ஊர்ப் பேச்சில் இதை 'ஜவ்வு' கிழிந்துவிட்டது என்பார்கள். நம் மாவட்டம் வர்ம வைத்தியத்துக்கும் கட்டு வைத்தியத்துக்கும் பெயர் பெற்றது. அந்த மரபைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. எலும்பு முறிந்திருக்கிறதா, இல்லையா என்று தெரியும் முன் எந்தக் கையும் அந்தக் காலைப் பிடித்து இழுக்கவோ அழுத்தித் தடவவோ கூடாது என்பதையே வலியுறுத்துகிறேன்.

எக்ஸ் கதிர்ப் படம் தேவையா என்று முடிவு செய்யக் கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் எளிய விதி ஒன்றை வெளியிட்டார்கள். கணுக்கால் மடங்கிய பிறகு நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா? கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்தி நிற்கும் எலும்பு, உள்விளிம்பில் கணுக்காலுக்கு முன்னே உள்ள எலும்பு ஆகியவற்றைத் தொட்டால் வலிக்கிறதா? அடி வைக்க முடியாவிட்டாலோ, இந்த இடங்களில் எலும்பு வலித்தாலோ படம் எடுத்தே ஆகவேண்டும். உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் விதி இது. நினைவில் வைத்துக்கொள்ள நான்கு விரல்கள் போதும்.

படத்தில் முறிவு இல்லை என்றால் எல்லாம் சரி என்று பொருளா? அன்று. எக்ஸ் கதிர்ப் படம் எலும்பை நன்றாகக் காட்டும், நாரைக் காட்டாது. முழங்காலில் 'டப்' என்ற ஓசை கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கி, நடக்கும்போது கால் நழுவுவதுபோல் இருந்தால், உள்ளே குறுக்காகச் செல்லும் முன் நார் அறுந்திருக்கக்கூடும். அதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. படம். வலிமை மிக்க காந்தப்புலத்தில் நம் உடல் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலைகளால் தூண்டி, அவை திருப்பி அனுப்பும் குறிப்பிலிருந்து படம் வரைகிறார்கள். எந்தப் படம் தேவை என்பதை எலும்பு மருத்துவர் சொல்வார். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும்போது, ஊகத்தின்பேரில் காலை நடத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை.

காலம் என்னும் மருந்து

ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அது 1978-இல். பல ஆண்டுகளுக்குப் பின் அவரே, பனிக்கட்டி வலியைக் குறைக்கும், ஆயினும் அளவு மீறினால் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வீக்கம் என்பது பழுதுபார்க்கும் வேலையின் முதல் கட்டம் என்பதே காரணம். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைக்கலாம். நாள் முழுவதும் வைக்கலாகாது. தாம் வகுத்த விதியைத் தாமே திருத்திய அந்த மருத்துவரின் நேர்மையையும் கவனியுங்கள்.

அடுத்து வேண்டியது காலம். நார் ஆறும்போது முதல் சில நாட்கள் வீக்கம், பிறகு சில வாரங்கள் புதிய இழை உருவாகுதல், அதன்பின் பல மாதங்கள் அந்த இழை முறுக்கேறுதல் என்று வேலை நடக்கிறது. வலி முதல் கட்டத்திலேயே நின்றுவிடலாம். வலி நின்றது ஆறியதற்கு அடையாளமல்ல. முழங்கால் முன் நாருக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் விளையாட்டுக்குத் திரும்பினால் மீண்டும் காயம் படும் வாய்ப்பு கூடுகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது.

கணுக்கால் சுளுக்கு ஆறிய பின்னும் ஒரு குறை தங்கிவிடும். கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மங்கிப்போயிருக்கும். 1965-இலேயே ஃப்ரீமன் என்ற ஆங்கில மருத்துவர் சமநிலைப் பயிற்சியால் இதைச் சரிசெய்யலாம் என்று காட்டினார். காயம் பட்ட காலில் மட்டும் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். மற்றக் காலில் நிற்கும் அளவுக்கு நிற்க முடிகிறதா? ஒற்றைக் காலில் தாவும் தூரம் இரண்டுக்கும் சமமா? இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் இவற்றை அளந்து குறித்து வையுங்கள். "சரியாகிவிட்டதுபோல் இருக்கிறது" என்பதைவிட அளந்த எண் நம்பத்தக்கது. ஆய்வுக்கூடத்தில் உங்களுக்குக் கற்பிக்கப்படுவது இதுதானே!

மறைத்தால் என்ன ஆகும்?

பயிற்சியின்போது ஊனமுற்று, தொடர முடியாமல் திருப்பி அனுப்பப்படும் மாணவர்களும் உண்டு. 1985 முதல் ஏறத்தாழ 500 பேர் இவ்வாறு வெளியேற நேர்ந்ததாகப் பத்திரிகையில் வந்த செய்தியைக் கண்டு, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. மருத்துவத் தேர்வில் தேறிச் சென்றவர்களுக்கே இந்த ஆபத்து உண்டு என்றால், கிழிந்த நாரோடு செல்பவனின் நிலை என்ன? மருத்துவப் பரிசோதனையில் முன்பு பட்ட காயம், செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை பற்றியெல்லாம் கேட்கிறார்கள். அங்கே பொய் சொல்லிச் சேர்பவன், தன் காலை மட்டும் ஆபத்தில் வைப்பதில்லை. நாளை எல்லையில் அவனை நம்பி நடக்கும் வீரர்களையும் அல்லவா ஆபத்தில் வைக்கிறான்?

ஆகவே, சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கும்போது காயம் பட்டால், மருத்துவச் சான்றுடன் அக்கடிதத்தை அனுப்பிய அலுவலகத்துக்கு உடனே எழுதிக் கேளுங்கள். விதி இடம் தந்தால் நல்லது. இடம் தராவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அகாடமித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வயது வரை எழுதலாம். பட்டம் பெற்ற பின் டேராடூன் அகாடமிக்கும் சென்னைப் பரங்கிமலை அகாடமிக்கும் வேறு தேர்வு இருக்கிறது. ஆறு மாதம் இழப்பது வருத்தமே. முழங்காலை இழப்பது அதனினும் பெரிய வருத்தம்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உண்மையைச் சொன்ன மாணவனுக்கு இழப்பு மிகக் குறைவாக இருக்கும்படி விதிகள் அமைய வேண்டும். அடிபட்ட காலோடு நிற்பவனிடம் பெற்றோரும் விளையாட்டு ஆசிரியரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "மருத்துவர் என்ன சொன்னார்?" என்பதே. "என்றைக்குக் கிளம்புகிறாய்?" என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இயற்கைக்குத் தேர்வு நாளும் தெரியாது, சேர்க்கை நாளும் தெரியாது. எலும்பும் நாரும் தமக்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொண்டே தீரும். அந்தக் காலத்தைப் பொறுமையுடன் கொடுக்கவும், உள்ளதை உள்ளபடி சொல்லவும் துணிவு வேண்டும். படைக்குச் செல்ல விரும்பும் நீங்கள் அந்தத் துணிவை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.