மாணவர் முதலில் காணவேண்டியது வானமே

சௌல்தாரி போன்ற தென் அந்தமான் சிற்றூர்களுக்கு வாய்த்துள்ள செல்வம் இருண்ட வானமாகும். மழைக்காலம் ஓய்ந்தபின், பிப்ரவரி நடுவில் இரவு ஏழேகால் மணியளவில் ஓரியன் மண்டலம் உச்சிக்கருகே நிற்கும். கிழக்கே அமைந்த இத்தீவில் அது சென்னையைக் காட்டிலும் ஏறக்குறைய 50 நிமிடம் முந்தியே அந்நிலையை எய்துகிறது.

திருவாதிரை மீன் விளங்கும் அம்மண்டலத்தில், வரிசையாயுள்ள மூன்று மீன்களுக்குத் தெற்கே மங்கலானதொரு புகைத்திட்டு வெறுங்கண்ணுக்கும் புலப்படும். அதுவே ஓரியன் நெபுலா. ஏறக்குறைய 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பால், வாயுவும் தூசியும் தம் ஈர்ப்பினாலேயே சுருங்கி விண்மீன்களாகத் திரளும் இடம் அது. அங்குப் பிறந்த வெப்பமிக்க மீன்களின் புற ஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுக்களினின்றும் எலெக்ட்ரான்களைப் பிரிக்கின்றன; அவை மீண்டும் கூடுங்கால் ஒளி பிறக்கிறது. இன்று நம் கண்ணை அடையும் ஒளி, பல்லவர் காலத்தில் புறப்பட்டதாகும்.

இதன் வண்ணப்படத்தைக் காட்டுவதோடு பாடத்தை முடித்துவிடுதல் தகாது என்பதே எமது கருத்து. படத்தில் செந்நிறமாய் ஒளிர்வது கண்ணுக்குச் சாம்பல் நிறமாகவே தோன்றும். முன்னரே அறிந்திராத மாணவன் படம் பொய்யோ என ஐயுறுவான். மங்கிய ஒளியில் கண் நிறத்தை உணராது. காமிராவோ நெடுநேரம் ஒளியைச் சேர்த்து அந்நிறத்தை வெளிப்படுத்துகிறது. இதை ஆசிரியர் விளக்குவாராயின் அவ்வையமே விஞ்ஞானப் பாடமாகிவிடும்.

இதற்கு நிலவில்லா ஓரிரவும், களப்பணியாளரின் பைனாகுலரும் போதும். பள்ளி முற்றத்து விளக்கை அரைமணி நேரம் அணைத்துவைக்க வேண்டும். விளக்குகள் பெருகிய ஊர்கள் இழந்துவிட்ட காட்சி இது. நம் சிறுவர் இதனைக் காணாது வளர்தல் கூடாது.