நடுக்கம் கையில்... தொடக்கம் குடலிலா?

கேள்வி: ‘‘என் அப்பாவுக்கு 64 வயது. பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லி, மாத்திரை கொடுத்திருக்கிறார். கை நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்பே அவருக்குத் தீராத மலச்சிக்கல் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? எனக்கும் மலச்சிக்கல் இருக்கிறது. இந்த நோய் வருமா? வேலியில் உள்ள பூனைக்காலி விதையை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?’’

- வாசகர் ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: தொடர்பு உண்டு. மூளையில் ‘டோபமைன்’ சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது பார்க்கின்சன் நோய். 1817-ம் ஆண்டு இதைப் பற்றி விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனே மலச்சிக்கலையும் குறிப்பிட்டிருக்கிறார். பலருக்கு நடுக்கம் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் தொடங்கிவிடுகிறது. சிலருக்கு இந்த நோய் குடல் நரம்புகளில் தொடங்கி, குடலையும் மூளையையும் இணைக்கும் ‘வேகஸ்’ நரம்பு வழியாக மேலே ஏறுகிறது என்பது 2003-ம் ஆண்டு ஜெர்மனி ஆய்வாளர் ஹைகோ பிராக் முன்வைத்த கருத்து.

கனடாவின் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2019-ல் எலிகளிடம் இன்னொன்றைக் கண்டார்கள். இந்த நோயோடு தொடர்புடைய ‘பிங்க்-1’ என்ற மரபணு இல்லாத எலிகளுக்குச் சிறு வயதில் குடல் தொற்று உண்டாக்கினார்கள். தொற்று ஆறிவிட்டது. ஆனால், மாதங்கள் கழித்து அவற்றின் நடமாட்டம் தடுமாறியது. பார்க்கின்சன் மருந்தான ‘லெவோடோபா’ கொடுத்ததும் தேறியது. அந்த மரபணு உள்ள எலிகளுக்கு அதே தொற்று வந்தும் பாதிப்பு இல்லை. களை விதை மண்ணில் கிடந்தால் மட்டும் முளைக்காது, ஈரமும் சேர வேண்டும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அதனால் வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்கெல்லாம், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கெல்லாம் இந்த நோய் வரும் என்று பயப்பட வேண்டாம். அப்பாவுக்கு இருப்பதாலேயே மகனுக்கு வந்துவிடும் என்பதும் இல்லை. மலச்சிக்கலோடு, வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கனவு கண்டு கை காலை உதறுவது, கையெழுத்து சிறுத்துப்போவது ஆகியவையும் சேர்ந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மைதான். ஆனால், எந்த விதையில் எவ்வளவு என்று அளவு கிடையாது. மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம், கை கால் தானாக முறுக்கிக்கொள்வது என்று சிக்கல் வரும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுவது நல்லது. பருப்பு, முட்டை, பாலில் உள்ள புரதம் அது உடலில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

காட்டு வேலையிலும் கவனம் தேவை. பூச்சிக்கொல்லிகளைக் கையாண்ட விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனை, பிரான்ஸ் அரசு 2012-ல் தொழில்வழி நோயாகவே அங்கீகரித்தது. ஆகவே, தெளிப்பான் நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். மருந்து அடித்த கையோடு வெற்றிலை, பீடி, சோறு எதையும் தொடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். குடலுக்குள் போகும் விஷத்தையும் கிருமியையும் வாயிலேயே தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.