பிரம்பும் நரம்பும்

"நேத்துச் சொன்ன வாய்ப்பாடு இண்டைக்கு எங்க?" என்று பிரம்பால் மேசையில் தட்டிக் கேட்கிறோம். பிள்ளை முழிக்கிறது. "படிக்கல்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

பிள்ளை படித்துவிட்டுத்தான் வந்தது. விடையைப் பறித்தது நாம்.

அந்தச் சத்தத்தை மூளை ஆபத்தென்றே எடுத்துக்கொள்கிறது. பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன. அதிரீனலின் இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கை வியர்க்கிறது. உடம்பு ஓடத் தயாராகிறது, அல்லது உறைந்து நிற்கிறது. யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி அந்நேரம் மந்தமாகிவிடுகிறது. அந்தப் பிள்ளையிடம்தான் ஏழெட்டு எத்தனை என்கிறோம்.

"அடிக்கவில்லையே, மேசையில்தானே தட்டினோம்" என்போம். நரம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இது நமக்குப் புதிதா? சாதாரண தர விஞ்ஞானத்தில் நாமே படிப்பிப்பது. "நாய் துரத்தினால் உடம்பில் என்ன நடக்கும்?" என்று வினாவும் கொடுக்கிறோம். அந்த நாயின் இடத்தில் நாமே நிற்பதுதான் விளங்குவதில்லை.

உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை எப்போதோ சொல்லிவிட்டது. ஆனாலும் "நாங்களும் அடி வாங்கித்தானே ஆளானோம்" என்ற கதை முடியவில்லை. ஆளானவர்கள் பேசுகிறோம். அடிக்குப் பயந்து பாதியில் நின்றவர்கள் நமது ஆசிரியர் அறையில் இல்லை.

நாளைக்குப் பிரம்பை அலுமாரியில் வைப்போம். கேள்வியைக் கேட்டுவிட்டு, பத்து வரை மனதுக்குள் எண்ணுவோம். பிள்ளை முதலில் மூச்சு விடட்டும்.