உயர்த்திய ஜீப்பின் ஓசை

வாகனம் பேசும் என்பர் அனுபவம் மிக்க சாரதிமார். பேசுவது உண்மையே. ஆயினும் அது தன் நோயைச் சொல்கிறதேயன்றி நோயின் காரணத்தைச் சொல்வதில்லை. நான்கு சில்லுகளும் இழுக்கும் ஜீப் போன்ற வாகனங்களை உயர்த்திய பின்னர் அவற்றின் அடியிலிருந்து எழும் ஓசையைப் பற்றி இவ்வாரம் எழுத எண்ணினோம். யால வனத்துக்குச் சென்று வந்தோர் இத்தகைய உயர்ந்த வாகனங்களிற் பயணம் செய்திருப்பர். இப்பொழுது வாலிபர் பலர் தம் வாகனங்களையும் இரண்டு அங்குலம், நான்கு அங்குலம் என உயர்த்த விரும்புகின்றனர். உயர்த்துவதற்காகும் செலவை அவர்கள் கணக்கிடுகின்றனர். அதன் பின் வருஞ் செலவைக் கணக்கிடுவோர் சிலரே.

உயர்த்தும்போது உயர்வது எது? நீண்ட ஸ்பிறிங்குகளைப் பூட்டினால் உடலும் சட்டமும் இயந்திரமும் கியர்ப்பெட்டியும் மேலே போகின்றன. சில்லுகளைத் தாங்கும் அச்சு இருந்த இடத்திலேயே நிற்கிறது. பெரிய ரயர்களைப் பூட்டினால் அச்சும் சிறிது உயரும். எனினும் அச்சுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையிலுள்ள உயர வேறுபாட்டை அது மாற்றாது. இவ்விரண்டையும் இணைப்பது கராஜில் புறப்பெலர் சாவ்ட் எனப்படும் சுழல்தண்டு. சிறிதே சாய்ந்திருந்த அத்தண்டு இப்போது மிகுதியாகச் சாய்கிறது. தண்டு குட்டையாயின் சாய்வு இன்னும் அதிகம். 50 சென்ரிமீற்றர் நீளமுள்ள தண்டின் ஒரு முனை 8 சென்ரிமீற்றர் உயர்ந்தால் ஏறக்குறைய 9 பாகை கூடும். ஒரு மீற்றர் நீளமாயின் அதன் பாதியே கூடும். மாணவர் இதனைத் தாமே வரைந்து பார்க்கலாம். 1997 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்கப்பட்ட ஜீப் றாங்ளரின் பின்தண்டு மிகக் குட்டையானது. இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தியவுடன் அதிர்வு எழக்கூடும் என்பதை அவ்வாகனம் வைத்திருப்போர் நன்கறிவர்.

சாய்வினால் ஓசை ஏன் பிறக்கிறது? தண்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜொயின்ட் என்னும் இணைப்பு உண்டு. இரண்டு கவைகளுக்கிடையே ஒரு சிலுவை; அவ்வளவே. 17 ஆம் நூற்றாண்டில் றொபேட் ஹூக் இதனை ஆராய்ந்தமையால் ஹூக்கின் இணைப்பு என்றும் சொல்வர். இதற்கு ஒரு விசித்திர குணம் உளது. ஒரு புறத்தைச் சீராகச் சுழற்றினும் மறுபுறம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். கோணம் 10 பாகையாயின் இவ்வேறுபாடு மேலும் கீழும் நூற்றுக்கு ஒன்றரை அளவே. 20 பாகையாயின் நூற்றுக்கு ஆறாகிவிடும். கோணம் இரட்டிக்க, குறை நான்கு மடங்காவதைக் கவனிக்க வேண்டும்.

இக்குறையை நீக்கவே மறுமுனையில் இரண்டாவது இணைப்பு உளது. இரு முனைகளிலும் கோணம் சமமாகவும், தண்டின் கவைகள் இரண்டும் ஒரே தளத்திலும் இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடும். இடையிலுள்ள தண்டு மட்டும் விரைந்தும் தளர்ந்துமே சுழலும். ஆதலால் கோணம் மிகப் பெரிதாயின், இரு முனைகளும் சமமாயிருந்தாலும் அதிர்வு முற்றாக நீங்காது.

எம்மிடம் பயின்று இப்போது வயல் செய்துவரும் ஒருவர், முன்னரே உயர்த்தப்பட்ட பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் பின்புறத்தில் ஒரு முழக்கம். டிபரன்சியல் தேய்ந்துவிட்டது என்றனர் ஒரு கராஜில். அறுவடைப் பணம் அதற்குப் போயிற்று. "சேர், டிபரன்சியலை மாற்றியும் சத்தம் மாறவில்லை" என்று வந்து நின்றார். அடியிற் பார்த்தபோது, வில்லைத்தட்டு ஸ்பிறிங்குக்கும் அச்சுக்கும் இடையே வைக்கும் ஆப்பு தலைமாறிக் கிடந்தது. கோணத்தைச் சமன் செய்யவென வைத்த ஆப்பே கோணத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி வைத்தபின் முழக்கம் பெரும்பாலும் அடங்கியது. அதற்கான கூலி, புதிய டிபரன்சியலுக்கு ஊற்றிய ஒயிலின் விலைக்கும் குறைவு. கராஜ்காரர் பொய் சொன்னாரென நாம் கருதவில்லை. சத்தம் கேட்ட திசையிலிருந்த உறுப்பை அவர் மாற்றினார். அதற்குமுன், "இச்சத்தம் உயர்த்துவதற்கு முன்னரும் இருந்ததா?" என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஓசைகளைப் பிரித்தறிய முதலில் அவற்றின் வேகத்தைக் கேட்க வேண்டும். 31 அங்குல விட்டமுள்ள ரயர், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு ஏறக்குறைய 7 முறை சுற்றும். டிபரன்சியலின் பல்விகிதம் நான்காயின் தண்டு 28 முறை சுற்றும். இணைப்பின் கோணத்தால் வரும் அதிர்வு அதன் இரட்டிப்பு, அதாவது 56. ஆகவே எண்ணக்கூடியதாய் மெல்லத் துடிப்பது சில்லின் பக்கத்திலும், இருக்கையைக் கூசச்செய்யும் நுண்ணிய முழக்கம் தண்டின் பக்கத்திலும் பிறப்பதென எண்ணலாம்.

நடைவேகத்திற் குருவி கீச்சிடுவது போன்ற ஒலி வருமாயின், சிலுவையின் ஊசிப் பெயாரிங்குகளில் கிறீஸ் வற்றிவிட்டது என்று பொருள். இது சிறிய ஒலி. ஆயினும் எம் கருத்தில் எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது இதுவே. சிலுவை உடைந்தால் தண்டு சுழன்றடித்துப் பிரேக் குழாயையும் கியர்ப்பெட்டியையும் உடைக்கக்கூடும். தண்டின் முன்முனை அறுந்து தரையிற் குத்தினால் வாகனமே கவிழவும் கூடும்.

கிளச்சை விடும் கணத்தில் "டொக்" என்று ஒருமுறை கேட்பது எங்கோ தளர்வு இருப்பதன் அடையாளம். அது சிலுவையாகவோ, வழுக்குப் பல்லாகவோ, அச்சைப் பிடிக்கும் றப்பராகவோ இருக்கலாம். அக்சிலரேற்றரை மிதிக்கும்போதும் விடும்போதும் சுருதி மாறும் ஊளை டிபரன்சியலின் பல்லுக்குரியது. வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது ஓங்கி மறுபக்கம் திரும்பும்போது அடங்குவது சில்லுப் பெயாரிங். தார் மாறும் இடத்தில் தானும் மாறுவது ரயரின் இரைச்சல். சேற்றுக்கான பெரும் பற்களுடைய ரயரைப் பூட்டியவர் அதனைப் பொறுத்துக்கொள்ளவே வேண்டும்.

அடுத்து, ஓசை வரும் அதே வேகத்தில் மூன்று நிலைகளைச் சோதிக்க வேண்டும். இயந்திரம் இழுக்கும்போதும், காலை எடுத்தபோதும், நியூற்றலில் உருளும்போதும் கேட்டு ஒப்பிடுக. சனமற்ற சமதரைப் பாதையிலேயே இதனைச் செய்யலாம். இறக்கத்தில் ஒருபோதும் கூடாது, திறப்பை அணைக்கவும் கூடாது. மூன்று நிலைகளிலும் மாறாத முழக்கம் ரயரையோ பெயாரிங்கையோ காட்டும். இழுப்பு நீங்கியதும் மாறுவது தண்டையோ டிபரன்சியலையோ காட்டும்.

பின்சில்லு இழுவையில் ஓடும்போதும் ஓசை வருவதால் முன்தண்டு குற்றமற்றது என்று சிலர் முடிவு செய்துவிடுகின்றனர். மேற்சொன்ன றாங்ளரில் முன்தண்டு எப்பொழுதுமே சுழன்றுகொண்டிருக்கும். அதனைக் கழற்றிவிட்டு ஓடிப் பார்ப்பதே ஐயந்தீரும் வழி.

கழற்றுமுன் ஓர் எச்சரிக்கை. எம் நாட்டில் இன்னும் ஓடும் பழைய லான்ட்றோவர்களிற் கைப்பிரேக் சில்லிற் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டியின் பின்னே தண்டிற் பிடிக்கிறது. பின்தண்டைக் கழற்றிய அக்கணமே கைப்பிரேக் பயனற்றுப் போம். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் எவரும் அடியிற் படுத்தலாகாது. வெறும் ஜாக்கியை நம்பியும் படுத்தலாகாது.

கோணத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பிள்ளைகளின் கேத்திர கணிதப் பெட்டியிலுள்ள பாகைமானியும், நூலிற் கட்டிய ஒரு சிறு குண்டும் போதும். வாகனத்தைச் சமதரையில் தன் சில்லுகளிலேயே நிறுத்தி, தண்டின் சாய்வையும் இரு முனைகளிலும் அதனுடன் பூட்டிய உறுப்புகளின் சாய்வையும் அளந்து கழித்தால் இரு கோணங்களும் கிடைக்கும். ஜாக்கியில் தூக்கினால் அச்சு தொங்கிக் கணக்கு பிழைக்கும். ஒரு முனையில் இரட்டை இணைப்புப் பூட்டிய தண்டாயின் சமன் விதி அதற்குப் பொருந்தாது. அங்கே டிபரன்சியலின் மூக்குத் தண்டை நேரே நோக்க வேண்டும். கழற்றும்போது கவைகளிலும் வழுக்குப் பல்லிலும் வெள்ளைப் பூச்சினால் ஒரு கோடு இட்டு, திரும்பப் பூட்டுகையில் அக்கோடுகளைப் பொருத்திக்கொள்க. ஒரு பல் தவறினாலும் கவைகளின் தளம் மாறிப் புதிய ஓசையொன்று பிறந்துவிடும்.